நாத்தனார் சொன்ன சாட்சி

வெள்ளைப் புள்ளி முதலில் உதட்டோரம்தான் வந்தது. பற்பசை காய்ந்து ஒட்டியிருக்கிறது என்று நினைத்து ஈரத்துண்டால் தேய்த்தாள். போகவில்லை. ஒரு மாதம் கழித்து விரல் முட்டிகளில் வந்தது, பிறகு கண்ணிமையில். தோல் மருத்துவர் விளக்கை அருகில் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஒட்டாது, வலிக்காது, உயிருக்கு ஒண்ணும் ஆகாது. தோல் நிறத்தை விட்டுடுது, அவ்வளவுதான். மருந்து தர்றேன். ஆனா நிறம் திரும்பும்னு சத்தியம் பண்ண மாட்டேன்."

அவள் ஒரு பெரிய ஹோட்டலின் வரவேற்பு மேசையில் வேலை பார்த்தாள். கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வருகிறவர்கள் முதலில் பார்ப்பது அவள் முகத்தைத்தான். ராத்திரி ஷிப்டில்கூட வாய் தவறி "குட்மார்னிங்" என்று சொல்லிவிடுவாள் என்பதால், பெட்டி தூக்குகிறவர்கள் அவளுக்கு அதையே பெயராக வைத்திருந்தார்கள். அந்த வேலையை வாங்கிக் கொடுத்தது அவள் நாத்தனார். கணவனுடைய அக்கா. அதே ஹோட்டலில் அறைகளைச் சுத்தம் செய்யும் பெண்களுக்கு மேற்பார்வையாளர். புருஷனைப் பறிகொடுத்தபின் ஒற்றை ஆளாக மகளைப் படிக்க வைத்துக்கொண்டு, இவர்கள் வீட்டுக்கு நேர் மாடியில் குடியிருந்தாள். வேலை வாங்கிக் கொடுத்ததை நல்ல நாளிலும் சொல்லிக் காட்டுவாள், சண்டை நாளிலும் சொல்லிக் காட்டுவாள். ஆனால் இவளுக்குக் காய்ச்சல் என்றால் முதலில் படி இறங்கி வருவதும் அவள்தான்.

கண்ணிமையிலும் புள்ளி வந்த வாரம், மேலாளர் இவளைக் கூப்பிட்டார். அவர் குரல் உயர்த்தி யாரும் கேட்டதில்லை.

"உங்க குரல் தங்கம்மா. டெலிபோன் ரூம்ல உங்களை மாதிரி ஒருத்தர் இல்லாம திண்டாடுறோம். நாளையிலேருந்து கீழ பார்த்துக்கறீங்களா?"

"எவ்வளவு நாளைக்கு சார்?"

"பார்ப்போம்."

தொலைபேசி அறை கீழ்த்தளத்தில் சலவைக்கூடத்தை ஒட்டி இருந்தது. ஜன்னல் கிடையாது. துணி துவைக்கும் இயந்திரங்கள் சுற்றும்போது மேசை நடுங்கும். தண்ணீர்க் குவளையை ஓரமாக வைத்தால் தானே நகர்ந்து கீழே விழும். ஒரு வாரத்தில் மேலே வரவேற்பு மேசைக்குப் புதிதாக ஒரு பெண் வந்தாள். சாவிகளை எந்த வரிசையில் மாட்டுவது என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை. சந்தேகம் கேட்டுக் கீழே இவளுக்குத்தான் போன் செய்தாள். இவள் மனசார அவளைத் திட்டவும் முடியாமல், சொல்லிக் கொடுக்காமல் இருக்கவும் முடியாமல் தவித்தாள்.

இரண்டு மாதம் பொறுத்தாள். பிறகு ஒருநாள் நடைவழியில் மேலாளரை நிறுத்திக் கேட்டாள். "சார், நான் எப்போ மேல வரலாம்?"

அவர் சுற்றும்முற்றும் பார்த்தார். யாரும் இல்லை.

"முகம் சரியாகட்டும்மா. பேசலாம்" என்று தணிந்த குரலில் சொல்லிவிட்டு நடந்தார்.

அன்று வீட்டுக்கு வந்ததும் கணவனிடம் சொன்னாள். அவன் லிஃப்ட் பழுது பார்க்கிறவன். எதையும் கழற்றிப் பார்க்காமல் முடிவு சொல்ல மாட்டான். ஆனால் அன்று உடனே சொன்னான்: "மனித உரிமை ஆணையம்னு ஒண்ணு இருக்கு. என்கூட வேலை பார்க்கிற ஒருத்தன், கால் ஊனம்னு வேலை கொடுக்கலைன்னு அங்கதான் போனான். நாமும் போவோம்."

ஆணையத்தின் புகார்ப் பிரிவில் ஒரு பெண் அதிகாரி இருந்தார். தொண்டை கட்டிய குரல். இவள் அழ ஆரம்பித்ததும் காகிதக் கைக்குட்டைப் பெட்டியை நகர்த்தி வைத்துவிட்டு, அழுகை நிற்கும்வரை காத்திருந்தார்.

"முதல்லயே சொல்லிடறேன். நான் உங்க பக்கமும் இல்ல, ஹோட்டல் பக்கமும் இல்ல. நீங்க கஷ்டப்பட்டீங்கன்னு தெரியுது. ஆனா புகாருக்குக் கஷ்டம் மட்டும் போதாதும்மா. மத்தவங்களை நடத்தாத மாதிரி உங்களை நடத்தினாங்கன்னு ஒண்ணு. அதுக்குக் காரணம் இந்தத் தோல்தான்னு இன்னொண்ணு. ரெண்டையும் கோர்க்கணும். 'முகம் சரியாகட்டும்'னு சொன்னப்போ கூட யார் இருந்தாங்க?"

"யாரும் இல்ல."

"சரி. அது அவர் வாய், உங்க காது. அதையும் எழுதுங்க. வேற யாருக்காவது ஏதாவது தெரியுமா?"

நாத்தனாரின் முகம் மனதில் வந்து போனது. எதற்கு அவளை இழுப்பது என்று தோன்றியது. "யாரும் இல்ல மேடம்" என்றாள்.

புகாரின் நகல் ஹோட்டலுக்குப் போய்ச் சேர்ந்த அன்றே கீழ்த்தளத்தில் காற்று மாறிவிட்டது. சலவைக்காரர்கள் அவள் வாசலைக் கடக்கும்போது பேச்சை நிறுத்தினார்கள். சாயங்காலம் நாத்தனார் படி இறங்கி வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணலையா உனக்கு? யானை வாய்க்குள்ள போன கரும்பு திரும்பி வந்து பார்த்திருக்கியா? உண்ட வீட்டுக்கு ரெண்டகம்னு என்னைத்தான் பேசுவாங்க. கூட்டிட்டு வந்தவ நான்."

"நான் உங்க பேரையே எடுக்கல அண்ணி."

"எடுத்துத்தான் பாரேன்!"

கணவன் இடையில் நின்று இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்களே, அப்படி.

ஹோட்டல் எழுத்தில் கொடுத்த பதில் சுருக்கமாக இருந்தது. ஆள் பற்றாக்குறையால் இடமாற்றம். வேறு காரணம் எதுவும் இல்லை. ஆணையம் இரண்டு தரப்பையும் சமரசப் பேச்சுக்குக் கூப்பிட்டது.

ஒரு நீள மேசை. ஒரு பக்கம் அவளும் கணவனும். எதிரே மேலாளரும் ஹோட்டலின் வக்கீலும். நடுவில் சமரச அதிகாரி. வழுக்கைத் தலை, நிதானமான மனிதர். "இங்க யாருக்கும் யார் மேலயும் கட்டாயம் இல்ல. ஒத்துவந்தா எழுதி முடிச்சுக்கலாம். ஒத்துவரலைன்னா விசாரணைக்குப் போகும். இங்க பேசினது இந்த அறையோட" என்று ஆரம்பித்தார்.

அவள் நடந்ததைச் சொன்னாள். குரல் நடுங்காமல் சொல்லி முடித்துவிட்டோம் என்று அவளுக்கே ஆச்சரியம். மேலாளர் பொறுமையாகக் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார்.

"இவங்க இதைத் தண்டனைன்னு நினைக்கிறதுதான் எனக்கு வருத்தம். நாங்க செஞ்சது சலுகை. இவங்களே மனசு ஒடிஞ்சு போய், கண்ணாடி பார்க்கவே பிடிக்கல, நாலு பேர் முன்னாடி நிக்கக் கூசுதுன்னு சொல்லியிருக்காங்க."

அவள் நாற்காலியை முன்னால் நகர்த்தினாள்.

"யார்கிட்ட சொன்னேன்?" என்று கேட்டாள்.

மேலாளர் வாயைத் திறந்தார். வக்கீல் அவர் முழங்கையை லேசாகத் தொட்டார். மேலாளர் வாயை மூடிக்கொண்டார்.

அவளுக்குத் தெரியும். அந்த வார்த்தைகளை அவள் வாழ்க்கையில் ஒரே ஒருவரிடம்தான் சொல்லியிருந்தாள். புள்ளி வந்த புதிதில், தலைக்குக் குளித்துவிட்டு ஈரம் சொட்டச் சொட்டச் சமையலறையில் நின்று, நாத்தனாரின் தோளில் சாய்ந்து அழுதுகொண்டு சொன்னது.

ஹோட்டல் தரப்பு இழப்பீடாக ஒரு தொகை தருவதாகச் சொன்னது. வேலை மட்டும் கீழ்த்தளத்திலேயே. அவள் முடியாது என்றாள். அதிகாரி காகிதங்களை அடுக்கிக்கொண்டு, "அப்போ விசாரணைக்கு அனுப்பறேன். விசாரணை அதிகாரி வருவார். சாட்சி யாராவது இருந்தா அவர்கிட்ட சொல்லுங்க" என்றார்.

பேருந்திலிருந்து இறங்கியதும் அவள் தன் வீட்டுக் கதவைத் தாண்டி நேராக மாடிப்படி ஏறினாள்.

நாத்தனார் மகளின் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

"நான் அழுததை மேனேஜர்கிட்ட சொன்னீங்களா?"

நாத்தனார் நிமிரவில்லை. இஸ்திரிப் பெட்டி சட்டைக் கையின் மேல் நின்றது.

"அண்ணி, துணி கருகுது."

வெடுக்கென்று பெட்டியை எடுத்து நிமிர்த்தி வைத்தாள். பிறகு நாற்காலியில் உட்கார்ந்தாள். "உன் நல்லதுக்குத்தான் போனேன். புள்ள ரொம்ப உடைஞ்சு போயிருக்கு, ரெண்டு வாரம் லீவு கொடுங்க சார்னு கேக்கத்தான் போனேன். என் பொண்ணு மேல ஆணையா லீவுதான் கேட்டேன்."

"அவர் என்ன சொன்னார்?"

நாத்தனார் கருகிய சட்டையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"அவர் என்ன சொன்னார் அண்ணி?"

நாத்தனார் தரையைப் பார்த்துக்கொண்டு, யாரோ சொன்னதை ஒப்பிப்பது போலச் சொன்னாள். "'நல்லதாப் போச்சு, நானே எப்படி ஆரம்பிக்கிறதுன்னு முழிச்சிட்டிருந்தேன். வாசல்ல அந்த முகத்தை வச்சுக்கிட்டு எப்படி வியாபாரம் பண்றது'ன்னார்."

கேட்ட வார்த்தையை விட, அதை இத்தனை மாதமாக ஒரு மனுஷி வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு தன் வீட்டுக்கு வந்து போய், தன் கையால் காப்பி வாங்கிக் குடித்திருக்கிறாள் என்பதுதான் அவளைச் சுட்டது.

"இதை விசாரணையில சொல்வீங்களா?"

"என்னால முடியாது. தலைமை மேற்பார்வையாளர் வேலைக்கு என் பேர் போயிருக்கு. பொண்ணு படிப்பு பாதியில இருக்கு. உனக்குத் தெரியாதா?"

"தெரியும். ஆனா நான் உங்க பேரைக் கொடுக்கத்தான் போறேன்."

"கொடு. அதோட உனக்கும் எனக்கும் ஒண்ணுமில்ல."

கீழே வந்தபோது கணவன் எல்லாவற்றையும் கேட்டிருந்தான். மாடியில் பேசினால் கீழே கேட்கிற வீடு அது. "அக்காவா நீயான்னு மட்டும் என்னைக் கேட்டுடாத" என்றான்.

"கேக்கல. ஆனா நடந்ததை நடந்ததுன்னு சொல்றதுல என்ன தப்பு? அதை மட்டும் சொல்லுங்க."

அவன் "தப்பில்ல" என்றான். சொல்லிவிட்டு எழுந்துபோய்க் குழாயடியில் முகம் கழுவினான். தேவைக்கு மேலேயே கழுவினான்.

விசாரணை அதிகாரி ஹோட்டலுக்கே வந்தார். வாலிபம் தாண்டாத, ஒல்லியான மனிதர். எல்லோரையும் தனித்தனியாகக் கூப்பிட்டுப் பேசினார்: புது வரவேற்பாளர், பெட்டி தூக்குகிறவர், தொலைபேசி அறையில் அவளுக்கு முன்னால் இருந்தவர், கடைசியாக நாத்தனார். இவள் கீழே தன் மேசையில் உட்கார்ந்து வந்த அழைப்புகளை மாற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். கவனமெல்லாம் கதவில் இருந்தது. சமையல்கூடம் கேட்ட ஒரு விருந்தாளிக்குக் கார் நிறுத்துமிடத்தின் இணைப்பைக் கொடுத்துவிட்டாள்.

மதியத்துக்கு மேல் நாத்தனார் நடைவழியில் வந்தாள். சலவை வண்டிகளுக்கு ஒதுங்கி நடந்தவள், தொலைபேசி அறையைத் தாண்டும்போது உள்ளே ஒரு பார்வைகூடப் பார்க்கவில்லை. இவள் எழுந்து வாசலுக்கு வருவதற்குள் அவள் முதுகு திரும்பிவிட்டது.

அதற்குப்பின் வீடு வீடாக இல்லை. மாடியில் நாற்காலி நகரும் சத்தம் கேட்கும், குரல் கேட்காது. நாத்தனாரின் மகள் படியில் எதிர்ப்பட்டால் கைபேசியைப் பார்த்துக்கொண்டு கடந்துபோவாள். கணவன் மட்டும் தினமும் மாடிக்குப் போய் அக்காவைப் பார்த்துவிட்டு வருவான். என்ன பேசினாய் என்று இவள் கேட்கமாட்டாள். அவனும் சொல்லமாட்டான். நாத்தனார் உள்ளதைச் சொன்னாளா, "எனக்கு ஞாபகமில்ல" என்று மழுப்பிவிட்டாளா? சில நாள் சொல்லியிருப்பாள் என்று தோன்றும். சில நாள், மகளை வைத்துக்கொண்டு அவளால் எப்படிச் சொல்ல முடியும், நானாக இருந்தால் சொல்லியிருப்பேனா என்று தோன்றும். அந்தக் கேள்விக்குத் தன்னிடமே நேர்மையான பதில் இல்லை என்பது அவளைக் கொஞ்சம் கூச வைத்தது.

மழைக்காலம் முடிந்த சமயம் ஆணையத்திலிருந்து அழைப்பு வந்தது. புகாரில் முகாந்திரம் இருக்கிறது என்று விசாரணை அறிக்கை சொல்வதாகவும், தீர்ப்பாயத்துக்குப் போவதற்கு முன்னால் ஹோட்டல் ஒருமுறை பேச விரும்புவதாகவும் சொன்னார்கள். எந்தச் சாட்சி என்ன சொன்னார் என்பதைச் சொல்லவில்லை.

அதே நீள மேசை. இந்த முறை மேலாளர் வரவில்லை. வக்கீலோடு தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு பெண்மணி வந்திருந்தார். பொன்னிறச் சட்டமிட்ட கண்ணாடி, குறைவான பேச்சு. வக்கீல் ஒப்பந்தத்தை வாசித்தார். வரவேற்பு மேசையில் பழைய வேலை. நடந்தது தவறு என்று எழுத்தில் ஒரு மன்னிப்பு. இழப்பீடு. தோற்றத்தையோ நோயையோ காரணமாக வைத்து யாரையும் இடம் மாற்றக் கூடாது என்று ஹோட்டலின் எல்லாக் கிளைகளுக்கும் ஒரு விதி.

கணவன் மேசைக்கடியில் அவள் கையைப் பிடித்தான். கேட்டது எல்லாம் வந்துவிட்டது. சமரச அதிகாரி பேனாவை அவள் பக்கம் நகர்த்தினார்.

அவள் பேனாவை எடுக்கவில்லை. "இன்னும் ஒரு வரி சேர்க்கணும்" என்றாள்.

வக்கீல் புருவத்தை உயர்த்தினார். "இதுக்கு மேல என்னம்மா?"

"விசாரணையில பேசின யாரையும் இதனால வேலையில தொந்தரவு பண்ணக் கூடாது. பதவி உயர்வுல கை வைக்கக் கூடாது. அதை எழுதணும்."

"அது சட்டத்துலயே இருக்கு. தனியா எதுக்கு?"

"சட்டத்துல இருக்கட்டும். இதுலயும் இருக்கட்டும்."

தலைமை அலுவலகப் பெண்மணி முதன்முறையாக அவளை நேராகப் பார்த்தார். "யாரைக் காப்பாத்தப் பார்க்கறீங்க? அவங்க எல்லாரும் உங்களுக்கு ஆதரவாத்தான் பேசினாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது மேடம்" என்றாள். "எதிராப் பேசியிருந்தாலும் நான்தானே இழுத்து விட்டேன்."

"இதனாலயே ஒப்பந்தம் முறிஞ்சா? தீர்ப்பாயத்துக்குப் போனா வருஷக்கணக்காகும்."

கணவனின் பிடி இறுகியது. அவள் அவனைத் திரும்பிப் பார்த்தால் தன் வாயிலிருந்து சரி என்று வந்துவிடும் என்று பயந்தாள். பார்க்கவில்லை. "ஆகட்டும்" என்றாள்.

எதிர்த்தரப்பு எழுந்து வெளியே போனது. கதவு மூடியதும் அவள் நாற்காலியில் சாய்ந்தாள். சமரச அதிகாரி யார் பக்கமும் பேசக் கூடாது. ஆனால் ஜாடியிலிருந்து தண்ணீர் ஊற்றி அவள் பக்கம் வைத்தார். கதவுக்கு வெளியே வக்கீல் யாருடனோ போனில் பேசுவது முணுமுணுப்பாகக் கேட்டது. ஒருமுறை குரல் உயர்ந்தது. பிறகு அடங்கியது. கணவன் அவள் காதருகே குனிந்து, "அக்கா கேட்டா அழுதுடுவா" என்றான். அவன் கண்தான் கலங்கியிருந்தது.

அவர்கள் திரும்பி வந்தார்கள். வக்கீலின் முகம் கடுகடுவென்று இருந்தது. பெண்மணி உட்காராமலே, "எழுதுங்க" என்றார்.

அன்று மாலை மாடிக் கதவை அவள்தான் தட்டினாள். நாத்தனார் திறந்தாள். இருவரும் வாசலிலேயே நின்றார்கள்.

"முடிஞ்சுது அண்ணி. திரும்ப மேலதான் வேலை. உங்களுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு எழுதி வாங்கியிருக்கேன்."

நாத்தனார் கதவுப் பிடியை விடாமல் கேட்டாள். "நான் என்ன சொன்னேன்னு தெரியாமலா எழுதி வாங்கினே?"

"ஆமா."

நாத்தனார் உள்ளே போய் உட்கார்ந்தாள். இவளையும் உட்காரச் சொல்லிக் கையைக் காட்டினாள். "விசாரணைக்கு முந்தின நாள் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். டீ வரவழைச்சுக் கொடுத்தார். நாற்காலியைக் காட்டி, உட்காருங்கம்மான்னார். 'நீங்க என்ன சொல்லணும்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா பழசெல்லாம் மறந்து போறது சகஜம்தானே, நீங்க நம்ம ஆளு'ன்னார். நானும் தலையை ஆட்டிட்டு, மறந்துடுச்சுன்னே சொல்லிடறதுன்னுதான் எழுந்து வந்தேன்."

"அப்புறம்?"

"ராத்திரி படுத்தா தூக்கம் வரல. உன்னை நினைச்சு இல்ல, பொய் சொல்லக் கூடாது. அந்த நாற்காலியை நினைச்சு. இத்தனை வருஷத்துல அவர் என்னை உட்காரச் சொன்னது அன்னிக்குத்தான். அப்பத்தான் எனக்கே உறைச்சுது, இத்தனை வருஷமா என்னை நிக்க வச்சுத்தான் பேசியிருக்கார்னு. மறுநாள் போய் ஒரு வார்த்தை விடாம சொல்லிட்டேன். சொல்லிட்டு உன் ரூமைத் தாண்டறப்போ உன்னைப் பார்த்தா அங்கேயே விழுந்துடுவேன்னு நேரா நடந்துட்டேன்."

இவள் நாத்தனாரின் முட்டியில் கையை வைத்தாள். அந்தக் கையில் புள்ளிகள் இப்போது மணிக்கட்டுவரை வந்திருந்தன.

மேலாளரை வேறு கிளைக்கு மாற்றினார்கள். அது அவளுக்குச் சந்தோஷமாக இல்லை. அங்கேயும் ஒரு வரவேற்பு மேசை இருக்குமே என்றுதான் தோன்றியது. தலைமை மேற்பார்வையாளர் பதவி நாத்தனாருக்குக் கிடைக்கவில்லை. அவளைவிட மூத்தவர் ஒருவருக்குப் போனது. "அது நியாயம்தான், அவளுக்கு என்னைவிட சர்வீஸ் அதிகம்" என்று நாத்தனாரே சொன்னாள். சொல்லிவிட்டு இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை.

மேலே திரும்பிய முதல் காலை, ஒரு மனிதர் அறைக்காகத் தன் அடையாள அட்டையை நீட்டினார். அவள் கையைப் பார்த்ததும் நீட்டிய கையைப் பின்னுக்கிழுத்து அட்டையை மேசைமேல் வைத்துவிட்டார். எந்த ஆணையமும் இந்த மனிதருக்கு ஓலை அனுப்ப முடியாது. அவள் அட்டையை எடுத்தாள், பதிவு செய்தாள், சாவியைக் கொடுத்து லிஃப்ட் இருக்கும் பக்கத்தைக் காட்டினாள். அடுத்து வந்த அம்மாள் அவள் முகத்தைப் பார்க்கக்கூட இல்லை. குளியலறையில் வெந்நீர் வருமா என்பதுதான் அவர் கவலை. "வரும்மா" என்று சொன்னபோதுதான், அதுவரை தான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது அவளுக்குத் தெரிந்தது.

நாத்தனாரோடு பழைய நெருக்கம் உடனே திரும்பிவிடவில்லை. பேச்சு இருந்தது, சிரிப்புக்கு நாளானது. ஒரு விடுமுறை நாள் இருவரும் மொட்டை மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது இவள் சொன்னாள்: "அண்ணி, இனிமே என் விஷயத்தை யார்கிட்டயாவது சொல்றதா இருந்தா முதல்ல என்கிட்ட கேட்டுட்டுச் சொல்லுங்க."

"சரி" என்றாள் நாத்தனார். ஈரத்துணியை உதறிக் கொடியில் போட்டாள். இன்னொன்றை எடுத்தாள். அதையும் உதறினாள். பிறகு மெதுவாக, "நீ ஜெயிச்சதை லாண்டிரியில எல்லாருக்கும் அன்னிக்கே சொல்லிட்டேனே, அதுக்கு என்ன பண்றது?" என்றாள்.

"லாண்டிரியில மட்டுமா?"

"கிச்சன்லயும்."

இவள் கையிலிருந்த துணியால் அவள் முதுகில் ஒன்று வைத்தாள்.